மௌனக் காலம்

முதல் தடவை எண்பத்தொன்று வந்தது. நான்கு மாதம் கழித்து ஐம்பத்தெட்டு. இப்போது முப்பத்தேழு.

செண்பகவடிவு திரையை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே எண்தான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைத் தானே கழற்றி, சிக்கெடுத்து, நாற்காலியின் மேல் வைத்தாள். மூன்றாவது தடவை என்பதால் அவளுக்குப் பழகிவிட்டது. கோப்பில் அவள் பெயர் ‘சாட்சி ஒன்று’. வீட்டில் பாப்பா.

அந்தத் துறைமுக ஊரின் தடயவியல் கூடத்தில் செண்பகவடிவு பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கடைசி ஏழு வருடமும் தடமானியோடுதான். தடமானி என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு அவள் எப்போதும் ஒரே மாதிரி சொல்வாள். “நடந்த ஒண்ண நாம நினைக்கிறப்பெல்லாம் மூளை அத வெளிய எடுத்துப் பாத்துட்டு, திரும்பவும் புதுசா எழுதி உள்ள வைக்கும். எத்தனை தடவை எடுத்து எழுதியிருக்குன்னு இந்த மெஷின் சொல்லும். யாரும் தொடாத ஞாபகம்னா நூறு. தொடத் தொட எறங்கும்.”

நாற்பதுக்குக் கீழே இறங்கினால், அந்த ஞாபகம் யாரோ சொல்லிக்கொடுத்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். விதி அப்படித்தான் சொன்னது.

அந்த விதி வந்த நாளில் சந்தோஷப்பட்டவர்களில் செண்பகவடிவும் ஒருத்தி. அதற்கு முன்னால், குழந்தைகளிடம் அத்துமீறியவர்கள் மேல் நடக்கும் வழக்குகளில் குழந்தைகளைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, “உங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்களா? போலீஸ் ஆன்ட்டி சொல்லிக் குடுத்தாங்களா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் பத்து விதமாகக் கேட்பார்கள். குழந்தை பத்தாவது தடவை ஆமாம் என்று தலையாட்டிவிடும். இனி அந்தக் கேள்வியே வேண்டாம், கருவி பதில் சொல்லிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வெளியே வராந்தாவில் பாப்பாவின் அம்மா ராஜகனி எழுந்து நின்றாள். ஜவுளிக்கடையில் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு, கடைச் சீருடைச் சேலையோடேயே வந்திருந்தாள்.

“எத்தனை மேடம்?”

சொல்லக்கூடாது. செண்பகவடிவு சொன்னாள். “முப்பத்தேழு.”

ராஜகனி பதறினாள். “நாங்க ஒண்ணும் பேசல மேடம். ஒரு வார்த்தை பேசல. அந்த ஆளு பேரக்கூட…” என்று ஆரம்பித்தவள், மகள் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பாப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அந்தக் குழந்தை நன்றாகவே கற்றிருந்தது.

*

துணை இயக்குநர் சத்தியசீலன் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மாக்காரி சொல்லிக் குடுத்திருப்பா. வேற என்ன?”

“வீட்ல காவல்பெட்டி இருக்கு சார். ஒரு தடவைதான் செவப்பு விழுந்திருக்கு. அதுவும் வேற விஷயம்.”

“அப்ப பெட்டிக்குக் கேக்காத எடத்துல வச்சு சொல்லிக் குடுத்திருப்பா. நாற்பதுக்குக் கீழ எறங்கிருச்சுல்ல, வீட்டுச் சோதனை போட்டாகணும். போயிட்டு வந்து எழுதிக் குடுத்துருங்க. விசாரணை பத்தாம் தேதி.”

புகார் கொடுத்த நாளிலிருந்து விசாரணை முடியும்வரை மௌனக் காலம். மருத்துவர் ஒரு தடவை பார்த்து எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு அம்மாவோ அப்பாவோ டீச்சரோ, யாரும் குழந்தையிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது. மனநல ஆலோசனையும் கிடையாது. விசாரணை முடிந்தபின்தான். வீட்டுக் கூடத்தில் காவல்பெட்டி என்று ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி பொருத்திவிடுவார்கள். பச்சை விளக்கு எரியும். குறிப்பிட்ட சில வார்த்தைகள் காதில் விழுந்தால் சிவப்பாகும். பதிவு நீதிமன்றத்துக்குப் போகும். தடமானிக்கு வரிசை நீண்டு, வழக்குகள் தள்ளிப்போய், மூன்று மாத மௌனம் என்று ஆரம்பித்தது பாப்பா விஷயத்தில் பதினோரு மாதமாகிவிட்டது.

*

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மேல் செண்பகவடிவு அந்த வீட்டுக்குப் போனாள். உப்பளத்துக்குப் போகும் சாலையை ஒட்டி, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ராஜகனி கதவைத் திறந்தாள். கூடத்தில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவி ஓடியது, சத்தமில்லாமல்.

“சவுண்டு வைக்க மாட்டீங்களா?”

“சீரியல்ல திடீர்னு என்னமும் பேசிருவாங்க மேடம். செவப்பு விழுந்துட்டா?” ராஜகனி அடுக்களைக்குள் கூப்பிட்டுப்போய்க் கிசுகிசுத்தாள். “ஒரு நாளு பாப்பா சைக்கிள்லேந்து விழுந்துட்டா. முட்டி பூரா ரத்தம். பதறிப்போயி ‘எங்கட்டி வலிக்கி, யாரு என்ன பண்ணா’ன்னு கேட்டுட்டேன். அவ்வளவுதான். அரை மணி நேரத்துல ஸ்டேஷன்லேந்து வந்துட்டாவ. சாட்சியக் கலைக்கிறீங்களான்னு எழுதி வாங்கிட்டுப் போனாவ. அதுலேந்து அவ விழுந்தாலும் நான் எங்க வலிக்குன்னு கேக்கதில்ல. மருந்தப் போட்டுட்டுப் பேசாம இருந்துருவேன்.”

“வீட்டுக்காரர் எங்க?”

“அவிய ஹார்பர்லயே தங்கிக்கிடுதாவ. பாப்பாவப் பாத்தா வாய அடக்க முடியல, என்னமும் கேட்டுருவேன், கேசு போயிரும்னு பயம். ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல போயிருவாவ.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அவ என்ன நினைப்பா மேடம்? அப்பா ஏன் போனாவன்னு அவ இதுவரைக்கும் கேக்கல. நானும் சொல்லல. அவமேல கோவம்னு நினைச்சிருவாளோன்னு… இதக்கூட அவகிட்ட சொல்ல முடியல.”

பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை வைத்தாள். செண்பகவடிவைப் பார்த்ததும் தன் தலையைத் தொட்டுக்கொண்டாள், தொப்பி மாட்ட வந்திருக்கிறார்களோ என்று. இல்லை என்று செண்பகவடிவு சைகையால் சொன்னாள். ராஜகனி தட்டில் பிஸ்கட் வைத்தாள். குழந்தை ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

நாலு பத்து இருக்கும். தெருமுனையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. கீபோர்டில் வாசித்த ஒரு சின்ன மெட்டு. ஏழெட்டு சுரம்தான், ஏறி, இறங்கி, மறுபடி முதலிலிருந்து. அதன் மேலே பதிவுசெய்த ஒரு குரல்: “உப்பு… கல்லுப்பு, தூள் உப்பு… உப்பு வண்டி வந்துருச்சு…”

பிஸ்கட்டின் மீதிப் பாதி தட்டில் கிடந்தது. குழந்தையைக் காணோம்.

செண்பகவடிவு திரும்பிப் பார்த்தாள். பாப்பா வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போய் உட்கார்ந்திருந்தாள். காதைப் பொத்தவில்லை. அழவில்லை. இரண்டு கையையும் முட்டிக்குக் கீழே வைத்து இறுக்கி, விரல்கள் ஆடாதபடி அமுக்கிக்கொண்டிருந்தாள். மெட்டு நெருங்கி வந்து, வீட்டைத் தாண்டி, தேய்ந்து போகும்வரை அவள் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

“தெனமும் இப்படித்தானா?” என்று செண்பகவடிவு மெல்லக் கேட்டாள்.

“சாயந்தரமானா இப்படித்தான் ஒளிஞ்சுக்கிடுதா. ஏன்னு கேக்கக் கூடாதுல்லா மேடம்.”

*

உப்பு வண்டியை அவள் மூன்றாவது தெருவில் பிடித்தாள். பேட்டரி வண்டி. ஓட்டியவர் ஐம்பது வயதிருக்கும், பெயர் சொர்ணப்பன். போலீஸோ என்று பயந்துவிட்டார்.

“இந்தப் பாட்டு எங்கேந்து வந்தது?”

“ஒரு சார் போட்டுக் குடுத்தாரும்மா. முன்னாடி தொண்டை கிழியக் கத்திக்கிட்டுத்தான் போவேன். அவருதான் பாவம்னு ஸ்பீக்கரும் வாங்கிக் குடுத்தாரு. டெய்லி நாலு மணிக்கு இந்த நாலு தெருவும் தவறாம சுத்தணும், பாட்ட மாத்தக் கூடாதுன்னாரு. ஏம்மா, அதுல எதுவும் தப்பா இருக்கா?”

“அந்த சார் பேரு?”

“பேரு தெரியாது. கீபோர்டு கிளாஸ் எடுப்பாராம்.”

செண்பகவடிவு வண்டியின் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

குற்றம் சாட்டப்பட்ட குணாளன் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவன். பாப்பாவும் அவனிடம் படித்தவள்தான். ஜாமீனில் இருந்தான். குழந்தையின் வீட்டுக்கு ஐந்நூறு மீட்டர் பக்கத்தில் வரக்கூடாது என்பது நிபந்தனை. அவன் வரவில்லை. ஒருநாள்கூட வரவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி அவன் வகுப்பின் பழைய காணொளிகளைத் தேடியபோது முதலிலேயே கிடைத்தது: ‘முதல் பாடம்’. அதே ஏழெட்டு சுரம்.

காவல்பெட்டியின் பதிவை வரவழைத்து ஓட்டிப் பார்த்தாள். மெட்டுக்குச் சிவப்பு விழாது. அதற்கு வார்த்தைகள்தான் தெரியும். நாலு மணி, நாலு பத்து, நாலு பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் மெட்டு பதிவாகியிருந்தது. தொடங்கிய தேதியையும் கண்டுபிடித்தாள். எண்பத்தொன்று என்ற முதல் அறிக்கையின் நகல் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில்.

அவன் குழந்தையை மிரட்டவில்லை. தொடவில்லை. தினமும் ஒரு தடவை அவளை நினைக்க வைத்தான். அவ்வளவுதான். நினைக்க நினைக்க எண் இறங்கும். வீட்டில் யாரும் ஏனென்று கேட்க முடியாது. அவளும் சொல்ல முடியாது. அந்த வீட்டின் வாயைக் கட்டிப்போட்டிருந்த விதியை எழுதிய குழுவில் செண்பகவடிவும் இருந்தாள்.

*

“இதைக் கோர்ட்ல சொல்லப் போறீங்களா?” சத்தியசீலன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “அவன் மெட்டு போட்டான்னு சொல்லுங்க. அது அவன் செஞ்ச தப்பு. அதோட நிறுத்திக்கோங்க.”

“அது மட்டும் எப்படி சார்? ஒரு பாட்டே இத்தனை குறைக்கும்னா, பயம் எவ்வளவு குறைக்கும்? தெனம் தானா நினைச்சு நினைச்சுப் பயப்படுற குழந்தைக்கு வெளியிலேந்து யாரும் சொல்லிக் குடுக்கவே வேண்டாமே. எண் கீழ வந்துரும். அப்ப கீழ வர்ற எண்ணுக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு அர்த்தம் இல்ல.”

அவர் அறிக்கையை மூடி ஓரமாகத் தள்ளினார்.

“நாற்பதுக்குக் கீழன்னு இதுவரைக்கும் எத்தனை அறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“அறுபத்து மூணு.”

“நீங்க கூண்டுல ஏறி இப்படிச் சொன்னா அந்த அறுபத்து மூணும் என்னாகும்? யோசிச்சீங்களா?”

அவள் யோசித்திருந்தாள். பத்து நாளாக அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் பள்ளிச் சீருடையில் யாராவது ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேனாவை எடுத்தால் கை தன் கையெழுத்தைப் போட மறுத்தது.

பத்தாம் தேதி காலை நீதிமன்ற வராந்தாவில் அவள் குணாளனை முதல் தடவையாக நேரில் பார்த்தாள். தேய்த்த சட்டை, நெற்றியில் சந்தனம். பெஞ்சில் வக்கீலுக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். அவள் கடந்துபோகும்போது நிமிர்ந்து ஒரு ஆசிரியருக்குரிய மரியாதையோடு புன்னகைத்தான். அவன் வலதுகை விரல்கள் பெஞ்சின் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. ஏறி, இறங்கி, மறுபடி முதலிலிருந்து. அவள் நிற்காமல் உள்ளே போனாள்.

*

நீதிபதி நூர்ஜஹான் கதவுகளைச் சாத்தச் சொன்னார். உள்ளே ஏழெட்டுப் பேர்தான்.

அரசு வழக்கறிஞர் டெய்சி எழுந்தார். உப்பு வண்டியையும் மெட்டையும் தேதிகளையும் வரிசையாகக் கேட்டார். செண்பகவடிவு சொன்னாள். பெட்டியின் பதிவு ஓடியது. நீதிபதி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார்.

கடைசியாக டெய்சி கேட்டார்: “இந்தக் கருவியில யாருக்கு நூறு வரும்?”

“நடந்ததை யார்கிட்டயும் சொல்லாதவங்களுக்கு. யாரும் கேக்காதவங்களுக்கு. பயந்துபோய்த் திரும்ப நினைக்காதவங்களுக்கு.” செண்பகவடிவு தண்ணீர் குடித்தாள். “உண்மையச் சொல்ற குழந்தைக்கு வரும்னு அர்த்தம் இல்லீங்க. யாரும் ஆறுதல் சொல்லாத குழந்தைக்கு வரும். நாங்க அந்தக் குழந்தையத்தான் நல்ல சாட்சின்னு சொல்லிட்டு இருந்தோம்.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கோமதிநாயகம் மெதுவாக எழுந்தார். முப்பது வருட அனுபவம். குரலை உயர்த்தவே மாட்டார்.

“அம்மா, ஏழு வருஷமா இதே நீதிமன்றத்துல எத்தனை தடவை சாட்சி சொல்லியிருக்கீங்க?”

“நூறு தடவைக்கு மேல.”

“ஒரு தடவையாவது இன்னைக்குச் சொன்னதைச் சொல்லியிருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

“அன்னைக்கு எனக்குத் தெரியாது.”

“தெரியாமலே கையெழுத்துப் போட்டீங்க. உங்க பேச்சைக் கேட்டு எத்தனையோ பேரை விடுதலை பண்ணியிருக்காங்க. அவங்க எல்லாருமே குற்றவாளின்னு சொல்றீங்களா?”

“அதை நான் சொல்ல முடியாது. என் எண்ணாலயும் சொல்ல முடியாது. அதைத்தான் சொல்றேன்.”

“உயர்ந்த எண் வந்ததால ஜெயிலுக்குப் போனவங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். “அதையும் திரும்பப் பாக்கணும். ஞாபகம் புதுசா இருக்குங்கறதுக்காக அது சரியா இருக்கணும்னு இல்ல. இருட்டுல பாத்த முகம்னா, புதுசா இருந்தாலும் இருட்டுல பாத்ததுதான்.”

கோமதிநாயகம் நீதிபதி பக்கம் திரும்பினார். “கனம் நீதிபதி அவர்களே, விதி தெளிவா இருக்கு. நாற்பதுக்குக் கீழ. இந்த அம்மாவோட மனசாட்சிக்காக விதியை மாத்த முடியாது. தடமானியை எடுத்துட்டா இந்த வழக்குல மிச்சம் என்ன இருக்கு? ஒரு குழந்தையோட வார்த்தை. அவ்வளவுதானே?”

நீதிபதி நூர்ஜஹான் பேனாவை மூடி வைத்தார்.

“விதியில ‘எடுத்துக்கொள்ளலாம்’னுதான் இருக்கு. எடுத்துக்கொள்ளணும்னு இல்லை. கருவி வர்றதுக்கு முன்னாடியும் இந்தக் கட்டடம் இருந்தது. அப்ப நாங்க என்ன செஞ்சோம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும் வக்கீல் சார். குழந்தையைப் பேசச் சொல்லிக் கேட்டோம். நம்பும்படியா இருந்தா அந்த ஒரு வார்த்தையே போதும்னு தீர்ப்பு எழுதினோம். நம்ப முடியலைன்னா எழுதல. கஷ்டமான வேலைதான். அந்தக் கஷ்டத்தை மெஷின் தலையில போட்டுட்டு நாங்களும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்தோம்.” அவர் எழுந்தார். “குழந்தையைப் பக்கத்து அறைக்குக் கூட்டிட்டு வாங்க. கேள்வி எதுவானாலும் ரெண்டு பேரும் எழுதி எங்கிட்ட குடுங்க. நான்தான் கேப்பேன். ஒரு கேள்வி ஒரு தடவைதான்.”

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தபோது செண்பகவடிவு வராந்தாவில் நின்றாள். நீதிபதி அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, குழந்தையின் உயரத்துக்குத் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தார். பாப்பா அறையின் நான்கு சுவர்களையும் நிமிர்ந்து பார்த்தாள். எதையோ தேடினாள்.

“என்னம்மா பாக்குற?”

“பெட்டி எங்க?”

“இங்க பெட்டி கிடையாது.”

“அப்ப பேசலாமா? பேசினா அம்மாவப் பிடிச்சிட்டுப் போவாவல்லா?”

நீதிபதியின் பதில் செண்பகவடிவுக்குக் கேட்கவில்லை. கதவு சாத்தப்பட்டது.

நாற்பது நிமிடம். ராஜகனி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தபடி இருந்தது, சத்தமில்லாமல். “அவளுக்குப் பேச்சு வருமா மேடம்?” என்று ஒரு தடவை கேட்டாள். “பதினோரு மாசம் ஆச்சு. எல்லாத்தயும் உள்ளயே வச்சிருந்து, இப்ப திடீர்னு சொல்லுன்னா வருமா?” செண்பகவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்து வெளியே வந்த குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பதினோரு மாதத்தில் அவள் சத்தம்போட்டு அழுவது அதுதான் முதல் தடவை. ராஜகனி பழக்கதோஷத்தில் குழந்தையின் வாயைப் பொத்தப் போனாள். பிறகு கையை எடுத்துவிட்டு, “எங்கட்டி வலிக்கி, சொல்லு. எல்லாத்தயும் சொல்லு” என்றாள்.

*

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குழந்தை சொன்னதில் இரண்டு இடத்தில் தேதி பிசகியிருந்தது. ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தேதி பிசகுவது இயல்பு என்றும், பிசகாத பகுதிகள் மருத்துவர் அன்றே எழுதிவைத்ததோடு ஒத்துப்போகின்றன என்றும் நீதிபதி எழுதியிருந்தார். தினமும் நாலு மணிக்குத் தெருவில் ஒலித்த மெட்டைத் தனியாக ஒரு பத்தியில், சாட்சியை மிரட்டிய குற்றமாகச் சேர்த்திருந்தார். குணாளனைச் சிறைக்கு அழைத்துப்போனபோது அவன் விரல்கள் சும்மா இருந்தன.

செண்பகவடிவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து உத்தரவு வந்தது. விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். தடமானி அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். மாவட்டத்தின் காவல்பெட்டிகளை எல்லாம் கழற்றுவதாகச் செய்தித்தாளில் வந்தது. அதே செய்தியில் அவள் பெயரும் அறுபத்து மூன்று என்ற எண்ணும் இருந்தன.

அதற்குப் பிறகு வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் திக்கென்றது. கதவைத் திறக்குமுன் கொஞ்ச நேரம் நிற்பாள். யார் வருவார்கள், எந்த முகத்தோடு வருவார்கள் என்று தெரியாது. அடிக்க வருகிறவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஒரு திங்கட்கிழமை காலை வந்தது ஒரு பெண். பதினெட்டு வயதிருக்கும். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம்.

“நீங்கதான செண்பகவடிவு மேடம்? நான் மெர்லின். உள்ள வரலாமா?”

உட்காரச் சொன்னாள். அந்தப் பெண் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து காகிதத்தை மேசையில் வைத்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய அறிக்கை. முப்பத்தொன்று. ‘சொல்லிக்கொடுக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு.’ கீழே செண்பகவடிவின் கையெழுத்து.

“பேப்பர்ல பாத்தேன்” என்றாள் மெர்லின். “நீங்க சொன்னது உண்மையா? குறைஞ்சாலும் சொல்லிக் குடுத்ததுன்னு அர்த்தம் இல்லையா?”

“உண்மை.”

“பயந்தாலே குறையுமா?”

“குறையும்.”

“எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. தெனமும் நினைப்பேன்.” அவள் விரலால் முப்பத்தொன்றைத் தடவிக்கொண்டிருந்தாள். “நீங்க எழுதினத நான் நம்பினேன் மேடம். மெஷினு பொய் சொல்லாதுல்ல? அதனால எங்கம்மாதான் அந்த ஆளு மேல இருந்த கோவத்துல எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததா சொல்லிச் சொல்லி என் தலையில ஏத்திட்டாங்கன்னு நினைச்சேன். எனக்கே எது நடந்துச்சு, எது நடக்கலன்னு குழம்பிருச்சு. அம்மாவப் பாத்தாலே பயமா இருக்கும். பன்னெண்டாவது முடிச்சதும் சித்தி வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட பேசறத நிறுத்தியாச்சு. நாலு வருஷமாச்சு.”

செண்பகவடிவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று தோன்றி மூடிக்கொண்டாள். எழுந்துபோய் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். தேதியும் பழைய அறிக்கையின் வரிசை எண்ணும் போட்டாள். ‘மேற்படி அறிக்கையில் நான் எழுதிய முடிவு தவறானது. சிறுமி சொன்னது சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதற்கு எந்தச் சான்றும் இருந்ததில்லை’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தள்ளி வைத்தாள்.

“இது கோர்ட்ல செல்லுமான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் இப்ப வேலையில இல்ல. ஆனா வந்து சொல்லச் சொன்னா எங்க வேணும்னாலும் வர்றேன்.”

மெர்லின் அதை எடுத்து இரண்டு தடவை படித்தாள். மடித்து உறைக்குள் வைக்கப் போனவள், நிறுத்தி, மறுபடி மேசைமேல் விரித்தாள்.

“இதுல எங்கம்மா பேரையும் எழுதுங்க மேடம். அவங்க எனக்கு எதையும் சொல்லிக் குடுக்கலைன்னு. பேரு போட்டு எழுதுங்க.”

செண்பகவடிவு பேனாவைத் திறந்தாள். “அம்மா பேரு என்ன?”

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, நீண்ட நாளாகப் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பவள்போல, மெல்லச் சொன்னாள்.

“ஞானசெல்வம். எஸ். ஞானசெல்வம்.”